தண்ணீர் விடாத ஃப்ரூட் சாலட்: வேலூர் வெயிலுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

புதிதாக ஃப்ரூட் சாலட் செய்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். பழம் நல்ல பழமாகத்தான் இருக்கும், வெட்டும்போதும் ஒழுங்காக இருக்கும். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் பாத்திரத்தின் அடியில் தண்ணீர் நிற்கும், துண்டுகள் துவண்டிருக்கும், வாழைப்பழம் கறுத்திருக்கும். வேலூரில் 104, 106 டிகிரி என்று பேப்பரில் போடுகிற நாட்களில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

இதற்கு மருந்து வரிசைதான். எதை முதல் நாளே முடிக்க வேண்டும், எதைக் கடைசி நிமிடம் வரை தொடக் கூடாது என்பது பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் சுலபம். கீழே உள்ள அளவு 8 முதல் 10 பேருக்கு வரும். மாலை 4 மணிக்குப் பரிமாறுவதாக வைத்து நேரம் சொல்லியிருக்கிறேன். உங்கள் நேரத்துக்கு ஏற்ப முன்னே பின்னே மாற்றிக்கொள்ளுங்கள்.

1. என்னென்ன வேண்டும்

பெரிய பங்கனபள்ளி மாம்பழம் 2, ஒரு கிலோ அளவில் கிர்ணிப்பழம் 1, ஒன்றரை கிலோ எடையில் சின்ன தர்பூசணி 1, நடுத்தரமான பப்பாளியில் பாதி, விதையில்லாத பச்சைத் திராட்சை கால் கிலோ, மாதுளை 1, ஏலக்கி வாழைப்பழம் 4, எலுமிச்சம்பழம் 2. இவற்றோடு தேன் அல்லது நாட்டுச் சர்க்கரை 2 ஸ்பூன், உப்பு, ஒரு கைப்பிடி புதினா.

பாத்திரம் எவர்சில்வர், கண்ணாடி அல்லது பீங்கானாக இருக்கட்டும். எலுமிச்சைப் புளிப்பு பட்டால் பித்தளையும் அலுமினியமும் பழத்தில் ஒரு உலோக வாடையை ஏற்றிவிடும். குழிவான குண்டானைவிட அகலமான பேசின் நல்லது. ஆழமான பாத்திரத்தில் மேலே இருக்கும் பழத்தின் எடையிலேயே அடியில் இருப்பது நசுங்கிச் சாறு விடும்.

கத்தி கூர்மையாக இருக்க வேண்டும். மழுங்கிய கத்தி பழத்தை நசுக்கித்தான் வெட்டும், சாறு இறங்குவது அங்கேயே ஆரம்பித்துவிடும். வீட்டில் பழைய இரும்பு அரிவாள்மனை இருந்தால் அதைக் காய்கறிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மாம்பழமும் வாழைப்பழமும் இரும்பில் பட்டால் வெட்டிய ஓரம் கறுக்கும். வெங்காயம் நறுக்கிய பலகையும் வேண்டாம். எவ்வளவு கழுவினாலும் அந்த வாசனை கிர்ணியில் ஏறும்.

இவை தவிர ஒரு வடிதட்டு கட்டாயம் தேவை. ஏன் என்பது 5-ஆம் படியில் தெரியும்.

2. பழம் வாங்குவது: இரண்டு நாள் முன்னாலிருந்து

வாங்கும் முன் பழங்களை மனதில் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மாம்பழம், வாழை, பப்பாளி, சப்போட்டா, கொய்யா இவையெல்லாம் பறித்த பிறகும் வீட்டில் பழுக்கும். தர்பூசணி, திராட்சை, மாதுளை, அன்னாசி, சாத்துக்குடி பறித்த அன்று எப்படியோ அப்படியே இருக்கும். கிர்ணி இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. வீட்டில் வைத்தால் மெத்தென்று ஆகும், வாசனை வரும், ஆனால் இனிப்பு கூடாது. எனவே முதல் வகையை இரண்டு நாள் முன்னால் கொஞ்சம் காய்வாட்டாகக்கூட வாங்கலாம். இரண்டாம் வகையை முதல் நாள் வாங்கினால் போதும், ஆனால் கடையிலேயே நல்லதாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

மாம்பழத்தில் ஃப்ரூட் சாலட்டுக்கு என் தேர்வு பங்கனபள்ளி. சதை கெட்டி, நார் இல்லை, துண்டு துண்டாக நிற்கும். குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கத்திலிருந்தும் சித்தூர் பக்கத்திலிருந்தும் வரும் பழங்கள் சித்திரை, வைகாசியில் நேதாஜி மார்க்கெட்டில் குவிந்திருக்கும். பெங்களூரா கூழுக்கும் ஜூஸுக்கும் ஏற்றது. சாலட்டில் சப்பென்று இருக்கும். நீலம் ருசியில் குறைவில்லை, ஆனால் அது சீசனின் கடைசியில் வருவது, கொட்டையில் வண்டு இருக்கவும் வாய்ப்பு அதிகம். அதை வெட்டினால் ஒவ்வொரு பழமாகப் பார்த்துத்தான் பாத்திரத்தில் போட வேண்டும்.

உடம்பு முழுக்க ஒரே சீராக மஞ்சள், ஆனால் காம்புப் பக்கம் முகர்ந்தால் வாசனையே இல்லை என்றால் அந்த மாம்பழத்தை வைத்துவிடுங்கள். கல் போட்டுப் பழுக்கவைத்ததாக இருக்கலாம். கால்சியம் கார்பைடு கல்லால் பழுக்கவைப்பது நம் நாட்டில் தடை செய்யப்பட்ட ஒன்று. அப்படிப்பட்ட பழம் வெளியே மஞ்சளாகவும் உள்ளே புளிப்பாகவும் இருக்கும், சாலட் முழுவதையும் கெடுக்கும்.

கிர்ணியில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். நிறத்தைப் பார்த்து எடுக்காதீர்கள். பழத்தைக் கையில் எடுத்துக் காம்பு விழுந்த இடத்தைப் பாருங்கள். நன்றாகப் பழுத்ததில் காம்பு தானாகக் கழன்று, ஒரு சின்ன வட்டக் குழி சுத்தமாகத் தெரியும். காம்பின் துண்டு ஒட்டிக்கொண்டு, சுற்றிலும் பச்சையாக இருந்தால் முன்கூட்டியே பறித்தது என்று அர்த்தம். அடுத்து, அதற்கு நேர் எதிரே உள்ள பூ முனையைக் கட்டைவிரலால் லேசாக அழுத்துங்கள். கொஞ்சம் நெகிழ வேண்டும், உள்ளே போகக் கூடாது. அதே இடத்தில் முகர்ந்தால் இனிப்பான வாசனை வர வேண்டும். வாசனை கள் மாதிரிப் புளித்து அடித்தால் பழம் தாண்டிவிட்டது. காதருகே வைத்துக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே தண்ணீர் சலசலத்தாலும் வேண்டாம்.

தர்பூசணியைத் தரையில் கிடந்த பக்கத்தைப் பார்த்து எடுங்கள். அந்தத் திட்டு வெண்ணெய் மஞ்சளாக இருந்தால் கொடியிலேயே விளைந்தது. வெள்ளையாக இருந்தால் அவசரத்தில் பறித்தது. அளவுக்கு மீறிக் கனமாகவும் இருக்க வேண்டும். கடையில் வெட்டி வைத்த பாதிப் பழத்தை வாங்காமல் சின்னதாக இருந்தாலும் முழுசாக வாங்குங்கள். வெட்டிய முகத்தில் ஈயும் தூசியும் உட்கார எவ்வளவு நேரம் கிடைத்தது என்று நமக்குத் தெரியாது. 2025 கோடையில் தர்பூசணியில் சாய ஊசி போடுகிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பி, பழம் விற்காமல் விவசாயிகள் நஷ்டப்பட்டார்கள். அந்தச் சிவப்பு தக்காளியில் இருக்கும் அதே லைகோபீன். முழுப் பழத்தைப் பார்த்து வாங்கி வீட்டில் வெட்டுகிறவர்கள் இந்தப் பயம் இல்லாமல் சாப்பிடலாம்.

3. முழுப் பழமாகக் குளிரவைப்பது: முதல் நாள் இரவு

வெட்டிய பிறகு குளிரவைப்பதுதான் எல்லோரும் செய்வது. அதைத் தலைகீழாக மாற்றுங்கள். முழுப் பழத்தைக் குளிரவைத்துவிட்டு அப்புறம் வெட்டுங்கள். வெட்டிய துண்டு குளிருவதற்குள் இரண்டு மணி நேரம் போய்விடும், அத்தனை நேரமும் அது சாறு விட்டுக்கொண்டே இருக்கும். குளிர்ந்த பழத்தின் சதை இறுகி இருப்பதால் துண்டும் நேராக விழும்.

தர்பூசணிக்கு உள்வரை குளிர ஒரு இரவு முழுக்க வேண்டும். கிர்ணி, மாம்பழம், பப்பாளிக்கு 4 மணி நேரம் போதும், காலையில் உள்ளே வைத்தால் சரியாக இருக்கும். மாம்பழம் முழுதாகப் பழுத்திருந்தால் மட்டும் ஃப்ரிட்ஜில் வையுங்கள். காய்வாட்டாக உள்ளதை வைத்தால் பழுப்பது நின்றுவிடும், வெளியில் எடுத்தாலும் பழைய ருசி வராது. வாழைப்பழத்தை ஃப்ரிட்ஜில் வைக்கவே வேண்டாம், தோல் கறுத்துவிடும்.

ஃப்ரிட்ஜில் இடம் இல்லை, அல்லது கரண்ட் இல்லை என்றால் மண்பானை இருக்கிறது. பானைத் தண்ணீரை ஒரு அகன்ற தொட்டியில் ஊற்றி, பழங்களை அமுக்கி, மேலே ஈரக் கோணியைப் போர்த்தி, காற்று வரும் திண்ணையோரம் வைத்துவிடுங்கள். நம் ஊர் மே மாதக் காற்றில் ஈரம் குறைவு. அதனால் கோணியிலிருந்து நீர் வேகமாக ஆவியாகும், தொட்டியும் நன்றாகக் குளிரும். ஃப்ரிட்ஜ் அளவுக்கு வராது, ஆனால் வெட்டுவதற்குப் போதும்.

4. கழுவுவது: வெட்டுவதற்கு முன், கட்டாயம்

தோலைத்தான் எறியப் போகிறோமே, எதற்குக் கழுவ வேண்டும் என்று பலர் கேட்பார்கள். கத்தி தோலின் வழியாகத்தான் சதைக்குள் இறங்குகிறது. தோலில் உள்ள மண்ணையும் கிருமியையும் அதுவே உள்ளே கொண்டுபோகும். கிர்ணியின் தோல் சொரசொரப்பாக இருப்பதால் அதில் அழுக்கு ஒட்டிக்கொள்ளும். தேங்காய் நாரையோ சுத்தமான பிரஷ்ஷையோ வைத்துத் தேய்த்துக் கழுவுங்கள்.

மாம்பழத்தை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறப்போடுங்கள். காம்பில் வடிந்து காய்ந்த பால் போய்விடும். அந்தப் பால்தான் சிலருக்கு உதட்டோரம் அரிப்பைத் தரும். திராட்சையைக் கொத்தாகக் கழுவினால் நடுவில் உள்ளவை அப்படியே இருக்கும். காம்பிலிருந்து உதிர்த்து, ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு ஸ்பூன் சமையல் சோடா கலந்து கால் மணி நேரம் போட்டு, இரண்டு முறை அலசுங்கள். கடைசி அலசலுக்குக் குடிக்கிற தண்ணீராக இருக்கட்டும்.

கழுவியதும் ஒவ்வொன்றையும் துணியால் துடைத்துவிடுங்கள். திராட்சையைத் துணியில் பரப்பி உலர்த்துங்கள். பாத்திரத்தின் அடியில் நிற்கும் தண்ணீரில் ஒரு பங்கு, துடைக்காமல் போட்ட பழத்திலிருந்து வருவதுதான்.

5. வெட்டும் வரிசை: 3 மணிக்கு ஆரம்பிக்கலாம்

எது சாறு விடாதோ அதை முதலில் வெட்டுங்கள். எது அதிகம் விடுமோ, எது சீக்கிரம் கறுக்குமோ அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

மாதுளை: இரண்டாகப் பிளந்து முத்துகளை உதிர்த்து வையுங்கள். வெள்ளைத் தோல் துணுக்கு ஒன்றுகூட வர வேண்டாம், கசக்கும். முத்து முழுசாக இருந்தால் சாறே விடாது.

திராட்சை: முழுசாகவே போடுங்கள். சின்னக் குழந்தைகள் சாப்பிடுவதாக இருந்தால் மட்டும் நீளவாக்கில் நான்காகப் பிளந்துவிடுங்கள், தொண்டையில் சிக்காது. பன்னீர் திராட்சை வாசனையில் அசத்தும், ஆனால் விதையைத் துப்பிக்கொண்டே சாலட் சாப்பிட முடியாது.

மாம்பழம்: கொட்டை தட்டையாகக் கிடக்கும் திசையைப் பார்த்து, இரண்டு கன்னங்களையும் கொட்டையை ஒட்டிச் சீவி எடுங்கள். கன்னத்தின் உட்பக்கம் தோல் வரைக்கும் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, தோலைப் பின்னுக்கு மடக்கினால் துண்டுகள் நிமிர்ந்து நிற்கும். ஸ்பூனால் எடுத்துவிடலாம். தோலைச் சீவிவிட்டு வழுக்கும் பழத்தைக் கையில் வைத்து வெட்டினால் பாதிச் சாறு முழங்கை வழியாகப் போகும். கொட்டையைச் சுற்றியுள்ள சதையைச் சாலட்டில் சேர்க்காதீர்கள், அது குழைந்துவிடும். வெட்டுகிறவருக்குச் சேர வேண்டியது அது.

பப்பாளி: விதையை ஸ்பூனால் வழித்து, தோலைச் சீவி வெட்டுங்கள். கொஞ்சம் கெட்டியான பழமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிர்ணி: இரண்டாகப் பிளந்து விதையையும் நாரையும் வழித்த பிறகு, அந்த அரைப் பழத்தைக் கவிழ்த்து ஒரு நிமிடம் வையுங்கள். குழியில் நிற்கும் தண்ணீர் வடிந்துவிடும். அப்புறம் கீற்றுப் போட்டு, தோலைச் சீவி, துண்டாக்குங்கள்.

தர்பூசணி: துண்டுகளை நேராகப் பாத்திரத்தில் போடாதீர்கள், வடிதட்டில் போடுங்கள். அடியில் ஒரு கிண்ணத்தை வைத்து, தட்டோடு 20 நிமிடம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். பழத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். வெட்டியதும் ஓரத்தில் அறுபட்ட பகுதியிலிருந்து முதலில் நிறைய வடியும், பிறகு குறையும். அந்த முதல் வடிசல் கிண்ணத்தில் நிற்க வேண்டும், சாலட்டில் நிற்கக் கூடாது. அப்படி இறங்கும் சாற்றைக் கொட்டிவிடாதீர்கள். எலுமிச்சை பிழிந்து குடிக்கலாம்.

வாழைப்பழம்: பரிமாற 10 நிமிடம் இருக்கும்போது உரியுங்கள், அதற்கு முன் தொடவே வேண்டாம். வட்டமாக வெட்டி, உடனே எலுமிச்சைச் சாற்றில் புரட்டி எடுங்கள். வெட்டிய சதையில் உள்ள ஒரு நொதி காற்றோடு சேர்வதால்தான் கறுக்கிறது. எலுமிச்சைப் புளிப்பு அந்த நொதியை மந்தமாக்கும். ஆப்பிள் சேர்ப்பதாக இருந்தால் அதற்கும் இதே முறைதான்.

எல்லாத் துண்டும் கட்டைவிரல் நுனி அளவுக்கு இருக்கட்டும். பொடியாக நறுக்குவது அழகு என்று நினைக்கிறார்கள். சின்னதாக ஆக ஆக வெட்டுமுகம் கூடும், வெட்டுமுகம் கூடினால் சாறும் கூடும்.

6. சேர்ப்பது: 3.45 மணிக்கு

அகலப் பேசினில் முதலில் மாதுளை, திராட்சை, மாம்பழம், கிர்ணி நான்கையும் போட்டுக் கலந்துகொள்ளுங்கள். இவை கலக்கலைத் தாங்கும். அதன் மேல் பப்பாளி, அடுத்து வடிந்த தர்பூசணி, கடைசியாக வாழை. இனி கரண்டி போட்டுக் கிண்டக் கூடாது. இரண்டு பெரிய ஸ்பூன்களை அடிவரை விட்டு, அள்ளி மேலே புரட்டுங்கள். நான்கைந்து முறை போதும்.

7. உப்பு, இனிப்பு, எலுமிச்சை: மேசைக்குப் போகும் முன்

சர்க்கரையும் உப்பும் பழத்துக்குள் இருக்கும் தண்ணீரை வெளியே இழுக்கும். ஊறுகாய்க்கு மாங்காயை உப்புப் போட்டு வைத்தால் நீர் விடுகிற அதே வேலைதான் இங்கேயும் நடக்கிறது. முன்னாலேயே சர்க்கரை தூவி ஊறவைத்தால் கிடைப்பது பாகில் மிதக்கும் பழம்.

எனவே பரிமாறும் கையோடு சேருங்கள். மீதி எலுமிச்சைச் சாற்றில் இரண்டு ஸ்பூன் தேனைக் கலந்து, சாலட் முழுக்கத் தெளித்து, ஒரு புரட்டு. ஒரு வயதுக்குள் குழந்தை இருந்தால் தேன் கூடாது. நாட்டுச் சர்க்கரையைப் பயன்படுத்துங்கள், அதுவும் மற்றவர்களின் கிண்ணத்தில் மட்டும். உப்பு இரண்டு விரலால் எடுக்கிற அளவு, அவ்வளவுதான். புதினாவைக் கையால் கிள்ளிப் போடுங்கள்.

இனிப்பு போதுமா என்று பார்ப்பதானால் குளிர்ந்த துண்டை எடுத்துச் சுவையுங்கள். குளிர்ச்சியில் இனிப்பு குறைவாகத்தான் தெரியும், நாம் சாப்பிடப்போவதும் குளிர்ச்சியாகத்தான். சித்திரை வெயிலில் விளைந்த நல்ல பழமாக அமைந்தால் தேனே தேவைப்படாது. முதலில் ருசி பாருங்கள், அப்புறம் சேருங்கள்.

சாட் மசாலா, மிளகுத்தூள் விருப்பம் உள்ளவர்கள் தங்கள் கிண்ணத்தில் தூவிக்கொள்ளட்டும். ஒட்டுமொத்தமாகப் போட்டால் மாம்பழ வாசனை அடிபட்டுப் போகும்.

8. நுங்கு, பலா, வெள்ளரிப்பழம்

நம் பக்கம் கோடையில் இந்த மூன்றும் கிடைப்பதால் இவற்றையும் சேர்க்கலாமா என்று கேட்பார்கள்.

நுங்கைத் தாராளமாகச் சேர்க்கலாம், கிண்ணத்தில் கடைசியாக. சுளையின் மேல் உள்ள பழுப்புத் தோலை உரிக்க வேண்டும், துவர்க்கும். இளசாக இருந்தால் உள்ளே தண்ணீர் இருக்கும். கிண்ணத்துக்கு மேலேயே வைத்து வெட்டினால் அது வீணாகாது. வாங்கிய அன்றே பயன்படுத்துங்கள்.

பலா வாசனை மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். ஏலகிரி, ஜவ்வாது மலைப் பலா கிடைத்தால் தனித் தட்டில் வைத்துக் கொண்டாடுங்கள். வெள்ளரிப்பழம் மாவு மாவாக உதிரும், சாலட்டில் போட்டால் கூழாகிவிடும். நாட்டுச் சர்க்கரை தூவித் தனியாகச் சாப்பிடத்தான் அது சரி.

9. கஸ்டர்டோடு வேண்டும் என்றால்

அரை லிட்டர் பாலில் கால் டம்ளரை ஆறிய நிலையில் எடுத்து, இரண்டு மேசைக்கரண்டி கஸ்டர்டு பவுடரைக் கட்டியில்லாமல் கரையுங்கள். மீதிப் பால் கொதித்ததும் நான்கு மேசைக்கரண்டி சர்க்கரையோடு இதை ஊற்றிக் கெட்டியாகும் வரை கிளறி, நன்றாகக் குளிரவையுங்கள். கொதிக்கும் பாலில் பவுடரை நேராகக் கொட்டினால் உருண்டை கட்டும்.

இந்த வகைக்குத் தர்பூசணி, எலுமிச்சை, வேகவைக்காத பச்சை அன்னாசி மூன்றும் வேண்டாம். தர்பூசணி கஸ்டர்டை நீர்க்கவைக்கும், எலுமிச்சை திரித்துவிடும். பச்சை அன்னாசியில் உள்ள புரோமலின் பால் புரதத்தை உடைத்துக் கசப்பைக் கொண்டுவரும். பப்பாளியும் பாலோடு வைத்திருந்தால் கசக்கும். மாம்பழம், வாழை, மாதுளை, திராட்சை, சப்போட்டா போதும். வாழையை எலுமிச்சையில் புரட்டாமல் அப்படியே கஸ்டர்டில் போடுங்கள், காற்றுப் படாததால் கறுக்காது.

10. வெளியில் எவ்வளவு நேரம் வைக்கலாம்

வெட்டிய பழம் வெளியில் இரண்டு மணி நேரம் தாங்கும் என்பது பொதுக் கணக்கு. 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். நம் ஊரில் ஏப்ரல் முதல் ஜூன் வரை இந்த இரண்டாவது கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள். மொட்டை மாடியில் விருந்து என்றால் மொத்தத்தையும் மேலே கொண்டுபோகாமல், பாதியை ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டாவது சுற்றுக்கு எடுங்கள். பேசினை ஐஸ்கட்டி நிரப்பிய பெரிய தட்டின் மேல் வைக்கலாம். ஐஸைச் சாலட்டுக்குள் போடக் கூடாது, உருகி எல்லா ருசியையும் நீர்த்துவிடும்.

மிச்சம் இருந்தால் வாழைப்பழத் துண்டுகளைப் பொறுக்கி எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, மற்றதை மூடி போட்ட டப்பாவில் ஃப்ரிட்ஜில் வையுங்கள். அன்று இரவுக்குள் முடித்துவிடுவது நல்லது. மறுநாள் துண்டுகள் தளர்ந்திருந்தால், நாற்றமோ புளிப்போ இல்லாத பட்சத்தில், மிக்ஸியில் ஒரு சுற்று விட்டு, வடிகட்டாமல் ஜூஸாகக் குடித்துவிடலாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியில் நின்றதை மட்டும் எடுத்து வைக்காதீர்கள்.